பாதம் வரை இறங்கிய ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. பாதம் வரை இறங்கிய ரத்தம் திரும்ப ஏறக்குறைய நான்கு அடி ஏறி இதயத்துக்கு வர வேண்டுமே, அதை யார் தள்ளுகிறார்கள், இதயமே உறிஞ்சி இழுத்துக்கொள்கிறதா, கீழே இன்னொரு பம்ப் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இதயம் உண்மையில் இரண்டு பம்ப் என்றால், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. வெகுநேரம் நின்றால் கால் கனத்துப் போகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதற்கும் வருகிறேன்.

நான் பல ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். ரத்த ஓட்டத்தில் அவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் நீங்கள் கேட்ட இதே இடம்தான். நான்கு அறைகளையும் நான்கு வால்வுகளையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். “சரி, திரும்பி வருவது எப்படி?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கோ ரத்த ஓட்டத்தின் பாதி விஷயம் அந்தத் திரும்பி வரும் பாதையில்தான் இருக்கிறது என்று தோன்றும். வந்து சேர்ந்ததைத்தான் இதயம் அனுப்ப முடியும். வராததை அதனால் அனுப்ப முடியாது.

பாதையை வேகமாகப் பார்த்துவிடுவோம். உடலெங்கும் இருந்து வரும் கருஞ்சிவப்பு ரத்தம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. பள்ளிப் பாடத்தில் அதை ஆரிக்கிள் என்று படித்திருப்பீர்கள். அங்கிருந்து வலது கீழறை, அதாவது வென்ட்ரிக்கிள். அது நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு பளிச்சென்ற சிவப்பாக இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு இறங்கி, பெருந்தமனி வழியாக உடலெங்கும் போகிறது. (சிரை ரத்தம் நீல நிறம் என்பது தவறு. தோலுக்கு அடியில் நீலமாகத் தெரிவது ஒளி தோலில் படும் விதத்தால். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் அடர்ந்த சிவப்பு.) ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லிலிட்டர், ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் வெளியே போகிறது. உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். சராசரியாகப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு நாளில் 7,000 லிட்டர்.

இனி நான் தரும் அழுத்த எண்கள் எல்லாம் பிரஷர் பார்க்கும்போது டாக்டர் சொல்வாரே, அதே மில்லிமீட்டர் பாதரச அளவில். பெருந்தமனியில் 120-க்கும் 80-க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. சராசரியாக 93 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தமனிகளில் இது அதிகம் குறைவதில்லை. அதற்கு அடுத்த நுண்தமனிகளில்தான் அழுத்தத்தின் பெரும்பகுதி செலவாகிறது, ஏனென்றால் அவை குறுகலானவை, சுவரில் தசை உள்ளவை. எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் என்பதைச் சுருங்கியும் விரிந்தும் முடிவு செய்வது அவைதான். தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளுக்குள் நுழையும்போது 35 அளவில் இருக்கும் அழுத்தம் வெளியேறும்போது 15 அளவுக்கு வந்துவிடுகிறது. தந்துகியின் குறுக்களவு சிவப்பணுவின் அளவுதான். சில இடங்களில் அதைவிடவும் குறைவு. அணு தன்னை மடக்கிக்கொண்டு ஒற்றை வரிசையில் நுழைந்து போகும். அங்கே வேகம் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக்சிஜன் இறங்கவும் கழிவு ஏறவும் அந்த நிதானம் வேண்டும்.

வலது மேலறையில் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது, கூடினால் 5. அப்படியானால் தந்துகிகளைத் தாண்டி வந்த ரத்தத்திடம் 15 அளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது, போய்ச் சேர வேண்டிய இடத்தில் பூஜ்யம். இந்தச் சிறு வித்தியாசம்தான் உங்கள் முதல் கேள்விக்கான அடிப்படைப் பதில். சிரைகள் அகலமானவை, தடை குறைவு, அதனால் இந்த மிச்ச அழுத்தமே போதும். இடது கீழறை கொடுத்த தள்ளலின் வால்பகுதிதான் ரத்தத்தைத் திரும்பவும் இதயத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. படுத்திருக்கும்போது இதைத் தவிர வேறு பெரிய உதவி தேவையே இல்லை.

“படுத்திருந்தால் சரி, நின்றால்?” என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டட வேலையில் மட்டம் பார்க்க ஒரு நீளமான ட்யூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். நடுப்பகுதி தரை வரை தொங்கினாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு பக்கம் இறங்கும் தண்ணீரின் எடையை மறுபக்கம் ஏறும் தண்ணீரின் எடை சரிக்கட்டிவிடுகிறது. ஒரு முனையில் கொஞ்சம் ஊற்றினால் மறுமுனையில் அதே அளவு வழியும். ‘மேலே ஏற்ற’ என்று தனியாக ஒரு பலம் தேவைப்படவில்லை. தமனி இறங்கும் பக்கம், சிரை ஏறும் பக்கம். நிற்கும்போது இதயத்துக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள ரத்தத்தின் எடை பாதத்தில் சுமார் 90 அளவு அழுத்தத்தைக் கூட்டுகிறது. தமனியிலும் 90, சிரையிலும் 90. பாதத்துத் தமனியில் 180-ஐத் தாண்டும், சிரையில் 90-ஐ ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படுத்திருக்கும்போது இருந்த அதே வித்தியாசம்தான். அதனால் புவியீர்ப்பை எதிர்த்து ரத்தத்தைத் தூக்குவது என்ற பாரம், நாம் கற்பனை செய்யும் அளவுக்கு இதயத்தின் மேல் இல்லை. இது இயற்பியல், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த ட்யூபும் சிரையும் ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகின்றன, சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். சிரையின் சுவர் மெல்லியது, அழுத்தம் கூடினால் விரிந்துகொடுக்கும். உடலின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கிறது. நீங்கள் எழுந்து நின்றதும் கால் சிரைகள் விரிந்து அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் இடுப்புக்குக் கீழே தங்கிவிடுகிறது. அது எங்கும் போய்விடவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை. ஆனால் இதயத்துக்கு வந்து சேரும் அளவு அந்த நேரத்தில் குறைகிறது. வந்து சேர்வது குறைந்தால் அனுப்புவதும் குறையும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் ஓரிரு நொடிகளில் இதைக் கண்டுபிடித்து, துடிப்பைக் கூட்டி, நுண்தமனிகளையும் சிரைகளையும் இறுக்கிச் சமாளிக்கின்றன. சட்டென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது இந்தச் சமாளிப்பு ஒரு கணம் பின்தங்குவதால்.

இதை நிரந்தரமாகச் சமாளிக்க உடலிடம் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் ‘கீழே இன்னொரு பம்ப் இருக்கிறதா’ என்று கேட்டீர்கள். இருக்கிறது, கெண்டைக்காலில். காலின் ஆழமான சிரைகள் கெண்டைத் தசைகளுக்கு நடுவே ஓடுகின்றன. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் தசை இறுகி அவற்றைப் பிழிகிறது. ரத்தம் கீழே போக முடியாது, ஏனென்றால் சிரைகளுக்குள் மேல்நோக்கி மட்டும் திறக்கும் வால்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதனால் மேலே போகிறது. தசை தளர்ந்ததும் காலியான இடத்தில் கீழிருந்தும் தோலடிச் சிரைகளிலிருந்தும் ரத்தம் வந்து நிரம்புகிறது. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் 90 இருந்த அழுத்தம், அவர் நடக்கத் தொடங்கிச் சில அடிகள் போவதற்குள் 30-க்கும் கீழே வந்துவிடும். நீண்ட ரத்தத் தூணை வால்வுகள் சிறு சிறு துண்டுகளாக வெட்டிவிடுவதால் இப்படி ஆகிறது. அணிவகுப்பில் அசையாமல் நிற்கும் சிப்பாய்கள் மயங்கி விழுவதற்கும், அதே நேரம் நடந்துகொண்டிருப்பவர் விழாததற்கும் காரணம் இந்தத் தசைகள்தான்.

இந்த வால்வுகளை நீங்களே பார்க்கலாம். கையை ஒரு நிமிடம் தொங்கவிட்டு வைத்திருங்கள், முன்கையிலோ புறங்கையிலோ சிரைகள் புடைத்துத் தெரியும். கிளை இல்லாமல் நேராக ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விரல்நுனிப் பக்கமாக ஓரிடத்தில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கிச் சிரையை வழித்துக்கொண்டே போங்கள். பிறகு வழித்த விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். மேலிருந்து ரத்தம் கொஞ்ச தூரம் திரும்பி வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே ஒரு சின்ன முடிச்சு மாதிரி புடைப்பு தெரிந்தால் அதுதான் வால்வு. அதற்குக் கீழே, அழுத்திய விரல் வரை, சிரை தட்டையாக, வெறுமையாகக் கிடக்கும். இப்போது கீழே அழுத்திய விரலை எடுங்கள். கண்ணெதிரே கீழிருந்து மேலாக நிரம்பும். எத்தனை முறை செய்தாலும் திசை மாறாது. எல்லாருக்கும் முதல் தடவையே தெரிந்துவிடாது. சிரை புடைத்துத் தெரியும் கை வேண்டும், வால்வு உள்ள இடமும் அகப்பட வேண்டும்.

ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட தன் நூலில் படம் போட்டுக் காட்டியது இதைத்தான். வால்வுகளை அவர் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியின் பதுவா நகரில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஃபப்ரீசியஸ் 1603-லேயே அவற்றை வரைந்து வெளியிட்டிருந்தார். ஆனால் ரத்தம் கீழ்நோக்கிப் பாய்ந்து தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கவே அவை இருக்கின்றன என்று ஃபப்ரீசியஸ் நினைத்தார். காரணம், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதே அதுவரை பாடமாக இருந்தது: கல்லீரலில் ரத்தம் உண்டாகிறது, சிரைகள் வழியே உறுப்புகளுக்குப் போகிறது, அங்கே தீர்ந்துபோகிறது. சுற்றிவருவது என்ற எண்ணமே அதில் கிடையாது. ஹார்வி போட்ட கணக்குதான் அதை உடைத்தது. ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் என்று மிகக் குறைவாக வைத்தாலும், அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்புக்கு 500 அவுன்ஸ் வெளியேற வேண்டும். உடலில் அவ்வளவு ரத்தமே இல்லை, சாப்பிடும் உணவிலிருந்து அவ்வளவு உண்டாகவும் முடியாது. ஆக அதே ரத்தம்தான் திரும்ப வந்தாக வேண்டும். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்பதை அவருக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் எழுதிவைத்திருந்தார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை ஹார்வி பார்க்கவே இல்லை. அவர் இறந்தபின், 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார். பார்க்க முடியாத ஒரு இணைப்பு இருந்தே தீர வேண்டும் என்று வெறும் கணக்கை வைத்து உறுதியாகச் சொன்ன அந்தத் துணிச்சலை மாணவர்களிடம் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

கெண்டைக்காலுக்கு அடுத்த துணை, மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத்திரையான உதரவிதானம் இறங்கி வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. வயிற்றிலுள்ள பெருஞ்சிரையிலிருந்து மார்புக்குள் ரத்தம் எளிதாக நகர்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் இது நடக்கிறது, ஓட்டத்தை அளந்தால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும்.

இனி, இதயம் உறிஞ்சுகிறதா என்ற கேள்வி. இதில் உறுதியானதும் விவாதத்தில் இருப்பதும் கலந்திருக்கின்றன, பிரித்துச் சொல்கிறேன். இதயத் தசை சுருங்கும்போது லேசாக முறுக்கிக்கொள்கிறது, தளரும்போது அந்த முறுக்கு விடுபட்டு அறை விரிகிறது. அந்தக் கணத்தில் கீழறைக்குள் அழுத்தம் மேலறையைவிடச் சட்டென்று கீழே போகிறது, ரத்தம் உள்ளே இழுபடுகிறது. அதேபோல் கீழறை சுருங்கும்போது நடுவிலுள்ள வால்வுத் தளம் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, மேலறை பெரிதாகி, சிரைகளிலிருந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஸ்கேனில் அளந்து பார்த்தவை. ஆகவே பக்கத்திலிருந்து உறிஞ்சுவது உண்மை. மொத்த ரத்த ஓட்டத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது; ஓய்வில் சிறிது, கடும் உழைப்பில் அதிகம் என்று நினைப்பதற்கு நியாயம் உண்டு.

ஆனால் பாதத்திலிருந்து உறிஞ்சி இழுக்க முடியாது என்பது உறுதி. மெல்லிய சுவருள்ள சிரைக்குள் அழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைந்தால் அது அந்த இடத்திலேயே தட்டையாகிவிடும். அதற்கு அப்பால் எவ்வளவு இழுத்தாலும் பலன் போய்ச் சேராது. இதையும் கண்ணால் பார்க்கலாம். ஒருவரைத் தலையணை இல்லாமல் படுக்கவைத்தால் கழுத்தின் பக்கவாட்டில் சிரை நிரம்பித் தெரியும். எழுந்து நேராக உட்கார்ந்தால் மறைந்துவிடும், ஏனென்றால் இதயத்துக்கு மேலே இருப்பதால் அது தட்டையாகிவிடுகிறது. உட்கார்ந்த நிலையிலும் அது நிரம்பியே தெரிந்தால் வலது மேலறையில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பார். நோயாளியின் கழுத்தை உற்றுப் பார்த்தே இதயத்துக்குள் உள்ள அழுத்தத்தை மதிப்பிட முடியும் என்பதை மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. பார்த்துப் பழகியபின் மறப்பதும் இல்லை.

தள்ளலின் மிச்சம் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒரு வலுவான சான்று இதய அறுவை சிகிச்சையிலிருந்து கிடைத்தது. சில குழந்தைகள் ஒரே ஒரு கீழறை மட்டும் வேலை செய்யும் இதயத்தோடு பிறக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் ஃபொன்தான் 1971-ல் ஒரு முறையை வெளியிட்டார். இன்று செய்யப்படும் வடிவத்தில், உடலிலிருந்து வரும் பெருஞ்சிரைகள் இரண்டையும் இதயத்தைத் தொடாமல் நேராக நுரையீரல் தமனியில் இணைத்துவிடுகிறார்கள். நுரையீரலுக்கென்று தள்ளும் அறையே கிடையாது. இருக்கும் ஒற்றைக் கீழறையின் தள்ளலில் மிஞ்சியதும், மூச்சின் இழுப்பும், காலின் பிழிவுமே ரத்தத்தை நுரையீரலைக் கடக்கவைக்கின்றன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு: சிரைகளில் எப்போதும் கூடுதல் அழுத்தம் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும், அந்த அழுத்தத்தால் காலப்போக்கில் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. கடும் உழைப்பில் மற்றவர்களைப் போல ரத்த ஓட்டத்தைப் பெருக்கிக்கொள்ளவும் அவர்களால் முடிவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வலது கீழறை நுரையீரலுக்கு 70 மில்லி அனுப்புகிறது, இடது கீழறை உடலுக்கு 70 மில்லி அனுப்புகிறது என்று புத்தகம் சொல்கிறது. வலது பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளினால்? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 70 மில்லி, பத்து நிமிடத்தில் 700 மில்லி நுரையீரலில் சேர்ந்துவிடும். சாதாரணமாக நுரையீரலின் ரத்தக்குழாய்களில் இருப்பதே சுமார் அரை லிட்டர்தான். அதாவது பத்து நிமிடத்துக்குள் ஒருவர் மூச்சு முட்டித் தவிப்பார். இரண்டு பக்கமும் ஒரே இடத்திலிருந்து துடிப்புக் கட்டளையைப் பெறுகின்றன, அதனால் எண்ணிக்கை மாறாது. ஆனால் அளவைச் சமன்செய்வது யார்? மூளை இல்லை, நரம்பும் இல்லை. தசையின் இயல்பே அப்படி. கீழறைக்குள் கூடுதலாக ரத்தம் வந்தால் அதன் தசைநார்கள் கூடுதலாக நீள்கின்றன. நீண்ட நார் கூடுதல் பலத்தோடு சுருங்குகிறது. வலது பக்கம் ஒரு மில்லி கூடுதலாக அனுப்பினால், சில துடிப்புகளில் அது இடது பக்கத்தை வந்தடையும், இடது அறை அந்த அளவு அதிகம் நீண்டு அதையும் சேர்த்து வெளியேற்றிவிடும். ஓட்டோ ஃபிராங்க் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தவளை இதயத்தில் இதைக் காட்டினார், எர்னஸ்ட் ஸ்டார்லிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலூட்டியின் இதயத்தில் உறுதிசெய்தார். இருவர் பெயரையும் சேர்த்தே இன்று இந்த விதியைச் சொல்கிறோம். மாற்று இதயம் பொருத்தப்பட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இதயத்துக்கு வரும் நரம்புகள் துண்டிக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் அவர் எழுந்து நடக்கத் தொடங்கினால், காலிலிருந்து கூடுதல் ரத்தம் வந்து சேரச் சேர அந்த இதயம் கூடுதலாகத் தள்ளுகிறது.

நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துடிப்பிலும் அச்சு அசல் சமம் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது வலது பக்கம் சற்றுக் கூடுதலாக வாங்கி அனுப்பும், இடது பக்கம் சில துடிப்பு தாமதமாக ஈடுகட்டும். தவிர, மூச்சுக்குழாய்களுக்கு உணவூட்டும் ரத்தத்தின் ஒரு பகுதி நேராக இடது பக்கத்துக்கே திரும்பிவிடுவதால், இடது பக்கம் எப்போதும் ஒரு சிறு அளவு கூடுதலாகவே தள்ளுகிறது. சமநிலை என்பது சில மூச்சுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைப்பது. இந்த ஈடுகட்டும் திறனைத் தசை இழக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். இடது பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் ரத்தம் தேங்கும், படுத்தால் மூச்சு முட்டும். வலது பக்கம் தளர்ந்தால் தேக்கம் உடலில். கால் வீங்கும், கழுத்துச் சிரை புடைக்கும்.

இன்னும் முடிவாகாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடிப் பார்க்கும்போது முரண்பட்ட விளக்கங்கள் உங்கள் கண்ணில் படும். இதயத்தைக் கணநேரம் நிறுத்தினால் எல்லாக் குழாய்களிலும் அழுத்தம் சமமாகிவிடும். நாய்களில் அளந்தபோது அது சுமார் 7 ஆக இருந்தது. இந்த நிரப்பு அழுத்தம்தான் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் விசை என்று அமெரிக்க உடலியங்கியலாளர் ஆர்தர் கைட்டன் விளக்கினார், பாடநூல்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்துக்கு ஆற்றல் தருவது இதயம் மட்டுமே, அது நின்றபோது அளந்த ஒரு எண்ணை விசை என்று சொல்வது சரியில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அளவீடுகளில் சண்டை இல்லை, காரண விளக்கத்தில்தான். நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்கிறேன், ஆனால் முதல் விளக்கம் நோயாளியின் படுக்கையருகே கணக்குப் போட வசதியானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, தந்துகியின் ஒரு முனையில் நீர் வெளியேறி மறுமுனையில் அதன் பெரும்பகுதி உள்ளே திரும்புகிறது என்று நாங்கள் படித்ததும், வெகுகாலம் கற்பித்ததும். பெரும்பாலான திசுக்களில் அப்படித் தொடர்ந்து திரும்புவதில்லை, வெளியேறிய நீரை நிணநீர்க் குழாய்களே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதற்குக் கடந்த சில பத்தாண்டுகளில் நல்ல சான்று சேர்ந்துவிட்டது. எல்லாப் பாடநூல்களும் இன்னும் மாறவில்லை.

கடைசியாக உங்கள் கால். வெகுநேரம் அசையாமல் நின்றால் கனப்பது, நான் மேலே சொன்ன கணக்கின்படி எதிர்பார்க்கக்கூடியதே. கெண்டைப் பம்ப் வேலை செய்யாதபோது பாதத்தில் 90 அளவு அழுத்தம் நிற்கிறது, தந்துகிகளிலிருந்து நீர் திசுவுக்குள் கசிகிறது. நிற்க வேண்டிய வேலை என்றால் குதிகாலை உயர்த்தி இறக்குவது, எடையை மாற்றி மாற்றி நிற்பது, நேரம் கிடைக்கும்போது நாலு எட்டு நடப்பது, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது எல்லாம் அந்தப் பம்ப்பைத் திரும்ப இயக்குபவை. யாராவது நின்றபடியே மயங்கினால் தூக்கி நிறுத்தவோ உட்காரவைக்கவோ முயலாதீர்கள். மூச்சு சீராக இருந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள்.

ஆனால் எழுத்தில் விவரித்ததை வைத்து உங்கள் கால் கனப்பு சாதாரணமானதுதான் என்று நான் சொல்லிவிட முடியாது. நான் தந்த எண்கள் ஆரோக்கியமான பெரியவரின் சராசரி. சிரை வால்வுகள் பழுதாகிச் சிரை சுருண்டு புடைப்பது, இதயம், சிறுநீரகம், கல்லீரல் சம்பந்தப்பட்ட வீக்கம் எல்லாம் தொடக்கத்தில் இதே கனப்பாகத்தான் தெரியும். காலையில் எழுந்தபின்னும் வீக்கம் வடியாமல் இருந்தாலோ, அழுத்தினால் குழி விழுந்தாலோ ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டி பிய்ந்து மேலே போனால் வலது இதயத்தைத் தாண்டி நுரையீரல் தமனியில் போய் அடைக்கும். அப்போது காலைத் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.